மண்ணில் பிழைத்தால் மரம் பிழைக்கும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பாலக்காட்டிலிருந்தும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலிருந்தும் வந்துள்ள அன்பர்களோடு, மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து வந்திருக்கும் அன்பர்களையும் இம்மண்டபத்தில் காண்கின்றோம். இடுக்கி மாவட்டத்துக்கு இரயில் பாதை இல்லையே என்னும் குறை, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் நினைவுக்கு வரும். மூணாற்றில் தேயிலை ஏற்றிச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொண்டு போயிற்று; அதன் பின் அம்மலையில் தண்டவாளம் ஏறவில்லை. ஆயினும் என்ன? பாதை இல்லாவிடினும் தமிழ் உங்களை இங்கே அழைத்து வந்துவிட்டது.

மேடையின் இடப்பக்கம் உள்ள மேசையைப் பாருங்கள். களிமண்ணால் ஆன வள்ளுவர் உருவங்கள் மூன்றும், வெள்ளை வெளேரென்ற தெர்மாகோலில் வெட்டிய உருவம் ஒன்றும் அங்கே இருக்கின்றன. மண்டபத்துள் நுழைந்த சிலர் அவற்றைக் கண்டு, “கொலு இன்னும் எடுக்கவில்லையா?” என்று நகைத்தது எம் செவியில் விழுந்தது. அவை கொலுப் பொம்மைகள் அல்ல. நம் சங்கப் படிப்பகத்தில் அமையவிருக்கும் மரத்தாலான வள்ளுவர் சிலைக்கு முன்னோடிகள் அவை. எழுதுகிறவர் தாளில் எழுதி, அடித்து, மீண்டும் எழுதுவது போல, மரத்தில் செதுக்கப் போகிறவர்கள் மண்ணில் எழுதிப் பார்த்த வரைவுகள்.

இம்முன்மாதிரிகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் உளி பிடித்தவர் அல்லேம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பார்சல் அலுவலகத்தில் எடை பார்த்து ரசீது எழுதி வாழ்கின்றோம். ஆயினும் கடந்த ஓராண்டாக மாலை வேளைகளில் நம் இளைஞர்களோடு அமர்ந்து, அவர்கள் மண் பிசைவதையும் அளவெடுப்பதையும் கண்டும், கேட்டும், படித்தும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றோம். பொறுமையோடு கேட்டருள வேண்டுகின்றோம்.

ஒரு பலாக்கட்டையின் வழக்கு

நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் பாட்டனார் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் நட்டு வளர்த்த பலாமரம், மூன்று ஆண்டுகளுக்கு முன் சாலையை அகலப்படுத்தும்போது வீழ்த்தப்பட்டது. மூன்று தலைமுறைக்குப் பழம் தந்த மரத்தை விறகுக்கு விற்க அவருக்கு மனம் வரவில்லை. அடிமரத்தைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். இரண்டரை அடி விட்டம் உடைய அம்மரத்தின் நடுமையத்தை விலக்கி, ஒருபுறமாக அறுத்தெடுத்த வைரக்கட்டை 3 அடி உயரமும், 1 அடி அகலமும், 1 அடி கனமும் உடையது. இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் ஆறப் போட்டிருக்கின்றோம். அதைப்போல் இன்னொரு கட்டையை விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அது அந்தப் பாட்டனார் கைபட்ட மரமாக இராது.

நடுமையத்தை ஏன் விலக்கினோம் என்று தாய்மார்கள் கேட்கலாம். மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் அது சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே நடுமையம் உள்ளே இருக்கும் முழு உருளையில் செதுக்கினால், நாளடைவில் சிலையின் முகத்திலேயே வெடிப்பு ஓடலாம். எனவேதான் மையத்தை ஒதுக்கி அறுத்தனர்.

இக்கட்டையில் வள்ளுவரைச் செதுக்குவது யார்? இக்கேள்வி செயற்குழுவில் எழுந்தபோது கருத்து இரண்டாயிற்று. பெரியவர்கள் சிலர், “வழிவழி வந்த சிற்பி ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். நம் பையன்கள் கையில் கொடுத்தால் மரமும் போகும், சங்கத்தின் மானமும் போகும்” என்றனர். இளைஞர் மூவர் எழுந்து, “எங்களிடம் தாருங்கள், ஐயா” என்றனர். ஒருவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர். மூன்றாமவர் தச்சுப் பட்டறையில் கதவும் நிலையும் செய்பவர். மூவரில் எவர் குடும்பத்திலும் சிற்பத்தொழில் இருந்ததில்லை. இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. அதில் சாட்சி சொல்லவே மேசைமேல் உள்ள நான்கு உருவங்களை யாம் இன்று அழைத்து வந்தோம்.

மண் பொறுக்கும், மரம் பொறாது

“பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது” என்பது நம் பழமொழி. அதில் ‘பிடிக்க’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். மண்ணிலும் மஞ்சளிலும் சாணத்திலும் பிள்ளையாரைப் பிடிக்கின்றோம். மரத்திலும் கல்லிலும் செதுக்குகின்றோம். பிடிப்பது வேறு, செதுக்குவது வேறு. மண்ணில் குரங்காய் முடிந்தால் பெரிய குற்றமில்லை. நீர் தெளித்துப் பிசைந்தால் அதே மண் மீண்டும் பிள்ளையார் ஆகிவிடும். மரத்தில் குரங்காய் முடிந்தால், மரம் உள்ளளவும் அது குரங்குதான். பேரேட்டில் ஓர் எண் தவறினால் அடித்துத் திருத்திக் கையொப்பம் இடுகின்றோம். மரத்தில் போன மூக்கை எந்த அதிகாரியின் கையொப்பமும் மீட்டுத் தராது.

ஆகவே, பிழை நேர்ந்தே தீரும் என்றால், அது பொறுத்துக்கொள்ளும் பொருளில் நேரட்டும். மண்ணில் நாம் பிழைத்தால், மரம் பிழைத்துக்கொள்ளும். இன்று யாம் சொல்ல வந்தது இந்த ஒன்றே. மற்றவையெல்லாம் இதன் விரிவு.

நம் மரபுக்குப் புறம்பானதா?

“மண்மாதிரி மேல்நாட்டார் வழக்கம், நம் ஸ்தபதிகள் கோடு கிழித்து நேரே செதுக்கினார்கள்” என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் கூறினார். அவர் கூறியதில் பெரும்பகுதி உண்மையே. நம் சிற்பிக்குத் தாள அளவு இருந்தது. உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரம் 124 பங்கு. அதில் முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று எல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. தந்தையின் பட்டறையில் சிறுவயதிலேயே உளி எடுத்துக் கொடுத்து வளர்ந்தவனுக்கு அவ்வளவுகள் தாய்மொழி போல் படிந்தன. அவனுக்கு மாதிரி கண்ணுக்குள்ளேயே இருந்தது, மண் எதற்கு? பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் ஒரே மரத்துண்டிலிருந்து தெய்வ உருவங்களைச் செதுக்கும் சிற்பிகள் இன்றும் உளர். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஐப்பசியில் கல்பாத்தி வீதியில் தேர் அசைந்து வரும்போது அதன் மரவேலையை அண்ணாந்து பார்த்து வியக்கின்றோமே, அதுவும் அத்தகைய கைகளின் மரபே.

ஆனால் முன்மாதிரி என்னும் எண்ணமே நமக்கு அயலானது என்றால் அதனை ஏற்பதற்கில்லை. சுவாமிமலைக்குச் சென்று பாருங்கள். வெண்கலத் திருமேனி வார்க்கும் ஸ்தபதி, தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்கு பிரித்து அளவுகோலாகக் கொள்கின்றார். அவ்வளவின்படி தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் முதலில் உருவம் செய்கின்றார். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, சூடேற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகின்றார். நிற்கும் நிலையும், கை வளைவும், இடை நெளிவும் எல்லாம் மெழுகிலேயே முடிவாகிவிடுகின்றன.

எமது துறையையும் சொல்லலாம். பழைய இரயில்வே பட்டறைகளில் இரும்பு வார்ப்புக்கு முன் மரத்தால் மாதிரி செய்வதற்கென்றே தனிப்பிரிவு இருந்தது. அம்மாதிரியை மணலில் பதித்து எடுத்த குழியில் உருகிய இரும்பை ஊற்றுவர். இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஆதலால் மாதிரி செய்பவர் கையில் நூற்றுக்கு ஒன்று நீண்ட தனி அளவுகோல் இருக்கும். வெண்கலத்துக்கு மெழுகு மாதிரி. இரும்புக்கு மரம் மாதிரி. மரத்துக்கு மண் மாதிரி. எது திருத்த எளியதோ, அதில் முதலில் செய்து பார்ப்பது உலகெங்கும் உள்ள தொழிலாளியின் அறிவு. சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைக் காணாதார் யார்? தேவி பிரசாத் ராய் சௌத்ரி அமைத்த அது போன்ற வெண்கலச் சிலைகள் மண்ணிலிருந்தே தொடங்குபவை. உழைப்பாளரின் புடைத்த நரம்பு முதலில் ஈரமண்ணில் புடைத்த பிறகே உலோகத்தில் புடைக்கின்றது.

மூன்று மண்ணுருவங்களின் சாட்சி

நம் இளைஞர்கள் குளத்துக் களிமண்ணைக் கொணர்ந்து, கல்லும் வேரும் நீக்கி, நன்கு பிசைந்து, ஈரத்துணி போர்த்தி வைத்தனர். பின்னர் செய்த ஒரு காரியம் எம்மைக் கவர்ந்தது. கட்டையின் அளவில் மூன்றில் ஒரு பங்காக, 12 அங்குல உயரமும் 4 அங்குல அகலமும் 4 அங்குல கனமும் கொண்ட அட்டைப் பெட்டி ஒன்றைச் செய்தனர். “மண்ணுருவம் இந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், அடங்காதது மரத்திலும் அடங்காது” என்று விதி வகுத்துக்கொண்டனர். உயரம் மூன்றில் ஒரு பங்கு ஆனால், தேவைப்படும் மண் இருபத்தேழில் ஒரு பங்கு போதும். மூன்று முறை செய்தும் இரண்டு கூடை மண்ணுக்கு மேல் செலவாகவில்லை.

முதல் உருவத்தைப் பாருங்கள். கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்து, 1964-இல் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டு, நம் வீடுகளிலெல்லாம் தொங்கும் அந்த ஓவியத்தைப் பார்த்துச் செய்தது. வள்ளுவர் காலை மடித்து அமர்ந்திருக்கின்றார். மண்ணில் செய்யத் தொடங்கியதும் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. முதலாவது, ஓவியத்துக்கு முன்புறம் மட்டுமே உண்டு. வள்ளுவரின் முதுகை நாம் எவரும் கண்டதில்லை! கொண்டை பின்னால் எப்படி முடிகின்றது, மேலாடை எங்கே இறங்குகின்றது என்பதற்கு ஓவியம் விடை சொல்லாது. சிலையையோ சுற்றி வந்து பார்ப்பார்கள். இரண்டாவது செய்தி இன்னும் பெரியது. மடித்த இரு முழங்கால்களுக்கும் இடையே உள்ள அகலம், அமர்ந்த உருவத்தின் உயரத்தில் பெரும்பங்கு. நம் கட்டை 12 அங்குலமே அகலம் உடையது. முழங்கால்கள் அதற்குள் அடங்க வேண்டுமானால் சிலையின் உயரம் சுமார் 15 அங்குலத்தில் நின்றுவிடும். எஞ்சிய 21 அங்குல மரம் பீடமாகவோ விறகாகவோ போகும். தாளில் வரைந்து பார்த்தபோது எவர்க்கும் தோன்றாத இவ்வுண்மையை மண் ஒரே மாலையில் சொல்லிவிட்டது.

ஆகவே இரண்டாம் உருவம் நிற்கும் வள்ளுவர் ஆயிற்று. கன்னியாகுமரிக் கடலில் கணபதி ஸ்தபதி அமைத்து, 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடிச் சிலையை மனத்தில் கொண்டு செய்தனர். உயர்ந்து குறுகிய கட்டைக்கு நின்ற கோலமே பொருத்தம். ஒரு கையில் ஏடு. மற்றொரு கை அறம், பொருள், இன்பம் என மூன்று விரல் காட்டுகின்றது. அக்கையைச் சற்று முன்னே நீட்டி அழகாக அமைத்தனர். கண்டவரெல்லாம் புகழ்ந்தனர். தச்சுப் பட்டறை இளைஞர் மட்டும் புகழவில்லை. “மண்ணுக்கு உள்ளே கம்பி இருக்கிறது, அதனால் கை நிற்கிறது. மரத்துக்கு உள்ளே கம்பி ஏது?” என்றார்.

அன்பர்களே, இது ஆழ்ந்து எண்ணத்தக்க சொல். மரத்துக்கு நார் ஓட்டம் உண்டு. கட்டையை நிமிர்த்தி வைத்தால் நார் மேலிருந்து கீழாக ஓடுகின்றது. அவ்வோட்டத்தின் வழியே நீளும் உறுப்பு மெலிதாக இருந்தாலும் வலிவுடையது. ஓட்டத்துக்குக் குறுக்கே நீளும் உறுப்போ ஒரு தட்டுக்கு முறியும். விறகு பிளக்கும் கோடரிக்கு இது தெரியும். மேல்நோக்கி நிமிர்ந்த மூன்று விரல்கள் நார் வழியே செல்வதால் நிற்கும். முன்னே நீட்டிய முன்கை நாருக்குக் குறுக்கே செல்வதால் நில்லாது. மண்ணுக்கு நார் ஓட்டம் இல்லை. ஆகவே அது இந்த இடத்தில் பொய் சொல்லும். மண்ணின் பேச்சை மரத்தின் இயல்பு கொண்டு சரிபார்க்க வேண்டும்.

மூன்றாம் உருவம் அச்சரிபார்ப்பின் பயன். கை மார்போடு நெருங்கி வந்துவிட்டது. விரல்கள் மட்டும் நிமிர்ந்துள்ளன. ஏடு இடுப்பில் சாய்ந்துள்ளது. மேலாடை இரு காலுக்கும் இடையே திரையாக இறங்கிக் கணுக்காலுக்கு வலிவு தருகின்றது. முதல் உருவத்தைவிட இது எளிமையானது. ஆனால் இது மரத்தில் நிற்கும்.

மண் சொல்லும் இன்னொரு பொய்யையும் கூறிவிடுகின்றோம். ஈரமண் உலரும்போது சுருங்கும். மண்ணின் தன்மைக்கேற்ப நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை சுருங்குதல் உண்டு. உலர்ந்த உருவத்தில் அளவெடுத்து மும்மடங்காக்கினால் சிலை குறுகிவிடும். எனவே அளவுகள் யாவும் ஈரம் இருக்கும்போதே எடுத்துக் குறிக்கப்பட வேண்டும். உள்ளே கம்பி வைத்தாலோ, கம்பி சுருங்காது, மண் சுருங்கும், வெடிப்பு விழும். கம்பியின்மேல் சணல் நூல் சுற்றி மண் அப்பினால் ஓரளவு தப்பலாம். எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் மண் சுருங்குவதில்லை. விலைதான் சற்று மிகுதி.

நுரைப்பலகை கற்பிக்கும் பாடம்

இனி அந்த வெள்ளை உருவத்துக்கு வருவோம். மண்ணில் உருவம் வந்துவிட்டதே, தெர்மாகோல் எதற்கு என்று கேட்பீர்கள். மண்வேலை அப்பி அப்பி வளர்ப்பது. மரவேலை நீக்கி நீக்கிக் காண்பது. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். கூட்டல் மட்டும் பயின்றவன் கழித்தலில் தடுமாறுவான். உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை மண் சொல்லும். எதை முதலில் வெட்டுவது, எதைக் கடைசி வரை விட்டுவைப்பது என்பதை அது சொல்லாது. அவ்வரிசையைக் கற்பிப்பது நுரைப்பலகை. அதுவும் கட்டையைப் போலவே கனச்செவ்வகத் துண்டாகக் கையில் வருகின்றது. அதிலும் வெட்டியது மீளாது. ஆனால் விலை சிறிது, உழைப்பு சிறிது. பழுதானால் அடுத்த துண்டு.

வரிசையின் அருமையை அறியக் கழுகுமலைக்குச் செல்லுங்கள். அங்கே ஒரே பாறையில், 8-ஆம் நூற்றாண்டளவில், பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்ட வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாமல் நிற்கின்றது. மேலே சிகரம் எழிலோடு முடிந்திருக்கின்றது. கீழே அடிப்பகுதி முடியவில்லை. மேலிருந்து கீழாக இறங்கினார்கள் என்பதை முடியாத அந்த வேலையே காட்டுகின்றது. சாரம் கட்டாமல், தாம் நின்ற பாறையையே படியாகக் கொண்டு இறங்கிய அறிவு அது. கல்லாயினும் மரமாயினும் கழித்தல் வேலைக்கு வரிசையே உயிர்.

நுரை என்பதும் நமக்கு முற்றிலும் புதிதன்று. தஞ்சைப் பகுதி நீர்நிலைகளில் வளரும் நெட்டியின் வெண்மையான தக்கையை நீங்கள் அறிவீர்கள். பெரிய கோயிலையே அதில் சிறு வடிவாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் கைவினைஞர் உளர். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எடையற்று, கத்திக்கு இணங்கி, வெண்மையாக இருப்பதில் நெட்டி தெர்மாகோலுக்கு மூத்த அண்ணன்.

தெர்மாகோலில் நூற்றுக்கு 98 பங்கு காற்றே. 2017-இல் வைகை அணை நீரின்மேல் பரப்பிய தெர்மாகோல் அட்டைகள் காற்றுக்குக் கரை ஒதுங்கியதைத் தொலைக்காட்சியில் கண்டு நாடே நகைத்தது நினைவிருக்கலாம். அவ்வளவு எடையற்ற அப்பொருள் செதுக்குவோர்க்கு உதவியும் செய்யும், தொல்லையும் தரும். சாதாரண அட்டை மணி மணியாக உதிரும். கண், உதடு போன்ற நுண்வேலைக்கு ஆகாது. சூடேறிய மெல்லிய கம்பியால் அறுத்தால் வழவழப்பாக அறுபடும். ஆனால் அப்போது எழும் புகை உடலுக்குத் தீங்கு. காற்றோட்டமான இடத்தில்தான் அறுக்க வேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது. பெட்ரோலோ, தின்னர் கலந்த வண்ணமோ பட்டால் உருகிப் போகும். நீரில் கரையும் வண்ணமும் வெள்ளைப் பசையுமே ஏற்றவை.

இன்னொன்று. 2022 சூலை முதல் நாளிலிருந்து அலங்காரத்துக்கான தெர்மாகோல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. அது மக்காத பொருள். மண்ணையும் ஆற்றையும் கெடுப்பது. ஆகவே நம் இளைஞர்கள் ஒரு துண்டையும் விலைக்கு வாங்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் வந்திறங்கிய அட்டைகளில் எஞ்சிய துண்டுகளை ஒட்டிக் கட்டையாக்கினர். உதிர்ந்த மணிகளையும் சாக்கில் கூட்டிக் கட்டி வைத்துள்ளனர்.

அத்தெர்மாகோல் உருவம் அவர்களுக்குக் கற்பித்தது என்ன? முன்னே நிற்கும் விரல்களைச் சுற்றியுள்ள மரத்தைக் கடைசி வரை காவலாக விட்டுவைக்க வேண்டும். மூக்கும் கொண்டையும் ஏடும் ஆகிய மேடுகளை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்குக் கீழேதான் இறங்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக இறங்க வேண்டும். இம்மூன்றையும் அவர்கள் அறிந்தது மூன்று துண்டு பெட்டி நுரையின் செலவில்.

மாதிரியிலிருந்து மரத்துக்கு

மாதிரியிலுள்ள உருவத்தை மரத்துக்குக் கொண்டு செல்லும் வழியைச் சுருக்கமாகச் சொல்கின்றோம். மாதிரியின் நான்கு பக்கமும் ஓர் அங்குலக் கட்டம். கட்டையின் நான்கு பக்கமும் மூன்று அங்குலக் கட்டம். மாதிரியின் தலைக்கு மேலிருந்து தூக்குநூல் விட்டு, அந்நூலிலிருந்து மூக்கு எவ்வளவு தொலைவு, மார்பு எவ்வளவு, கால்விரல் எவ்வளவு என்று காலிப்பரால் அளந்து மும்மடங்காக்கி மரத்தில் குறிக்க வேண்டும். ஒரு புள்ளியின் இடத்தை உறுதியாக அறிய, நிலையான மூன்று புள்ளிகளிலிருந்து அதன் தொலைவை அளந்தால் போதும். எங்கும் இறுதி அளவுக்குக் கால் அங்குலம் முன்பே உளியை நிறுத்திவிட வேண்டும்.

இத்தாலி நாட்டுப் பெருஞ்சிற்பி மைக்கலாஞ்சலோவின் முறை என்று வசாரி ஓர் அழகிய உவமை எழுதிவைத்திருக்கின்றார். மெழுகுருவம் ஒன்றை நீர் நிறைந்த தொட்டியில் படுக்க வைத்து, சிறிது சிறிதாக மேலே தூக்கினால், முதலில் மிக உயர்ந்த பகுதிகள் நீருக்கு மேல் தோன்றும். பின்னர் மெல்ல மெல்லத் தாழ்ந்த பகுதிகள் தோன்றும். கல்லிலிருந்து உருவமும் அவ்வாறே வெளிப்பட வேண்டும் என்பது கருத்து. நீர் வடிந்து கரை தெரிவது போலச் சிலை தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் இதைக் கேட்டதும் பிளாஸ்டிசினில் சிறு உருவம் ஒன்று செய்து, வாளி நீரில் வைத்துப் பார்த்து மகிழ்ந்தனர்.

ஆசான் இல்லாதார்க்கு மண்ணே ஆசான்

இப்போது வழக்குக்குத் திரும்புவோம். பெரியவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கின்றது. மரம் அருமையானது. மறையூர்ச் சந்தனக் காட்டின் வேலியோரம் நடந்தவர்கள் நம்மிடையே உளர். அரசின் காவலில் நிற்கும் அம்மரம் ஏலத்தில் கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகின்றது. அதில் செதுக்குபவன் சிதறும் தூளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். பலா அவ்வளவு விலையுடையதன்று. ஆனால் நம் பலாவுக்கு விலை வேறு வகையில் மிகுதி.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். சிற்பியின் வீட்டில் பிறந்தவனுக்கு அவன் தந்தையும் பாட்டனும் ஆசிரியர்கள். பிழை செய்தால் காதைத் திருகித் திருத்த ஒரு கை அருகில் உண்டு. லயத்தில் பிறந்தவனுக்கும் ஆட்டோ ஓட்டுபவனுக்கும் அத்தகைய கை ஏது? கொழுந்துக் கூடை சுமந்த தோள்களும், மண்வெட்டி பிடித்த கைகளும் நம் குடும்பங்களின் சொத்து. அக்கைகளுக்கு அழகு செய்யத் தெரியாது என்று சொல்ல எவர்க்கும் உரிமை இல்லை. ஆனால் ஆசையும் துணிவும் மட்டும் போதா. மண்ணே அவர்களுக்குப் பொறுமையுள்ள ஆசான். அது அடிப்பதில்லை, ஏசுவதில்லை, எந்தக் குடியில் பிறந்தாய் என்று கேட்பதில்லை. பிழை செய்தால் பிழையைக் காட்டுகின்றது; திருத்தினால் ஏற்றுக்கொள்கின்றது. பிறப்பால் வாய்க்காத பயிற்சியை உழைப்பால் பெறுவதற்கு அது வழி திறந்துவிடுகின்றது.

அதே சமயம், மரபுச் சிற்பியை ஒதுக்கிவிட்டு நாமே எல்லாம் செய்துவிடலாம் என்றும் யாம் சொல்லவில்லை. மண் காட்டாத நார் ஓட்டத்தையும், நூல் சொல்லாத கைநுட்பத்தையும் அவரே அறிவார். எனவே செயற்குழுவின் முன் எமது வேண்டுகோளை வைக்கின்றோம்.

மூன்றாம் மண்ணுருவத்தையும் தெர்மாகோல் உருவத்தையும் மரபுச் சிற்பி ஒருவரை அழைத்துக் காட்டுவோம். அவர் சொல்லும் திருத்தங்களை மண்ணிலேயே செய்வோம். பின்னர் குமிழ் போன்ற மென்மையான மரத்தில் சிறிய படி ஒன்று செதுக்கட்டும். அதிலும் தேறினால் அச்சிற்பியின் முன்னிலையில் பலாக்கட்டையில் முதற் செதுக்கல் நடக்கட்டும். ஓரடி கனமுள்ள கட்டை மூன்று ஆண்டில் முழுதும் ஆறிவிடாது; ஆகவே முதற் செதுக்கலோடு நிறுத்தி, இன்னும் ஓராண்டு நிழலில் வைத்து, வெடிப்பு விழாமை கண்டு, பிறகு முகமும் விரலும் முடிக்கட்டும். அவசரம் வேண்டா. அந்தப் பாட்டனார் பலாவை நட்டபோது அடுத்த ஆண்டே பழம் கேட்கவில்லை.

சிலை படிப்பகத்தில் அமரும் நாளில், இம்மண்ணுருவங்களை எறிந்துவிட வேண்டா என்பது எமது கடைசி வேண்டுகோள். சுடாத மண்தான், ஆயினும் கண்ணாடிப் பெட்டியில் சிலைக்கு அருகே இருக்கட்டும். கால் மடித்து அமர்ந்த முதல் வள்ளுவரும், கை நீட்டிய இரண்டாம் வள்ளுவரும், கை ஒடுக்கி நிற்கும் மூன்றாம் வள்ளுவரும் வரிசையாக இருக்கட்டும். நாளை அங்கே படிக்க வரும் சிறுவன் முடிந்த சிலையை மட்டும் கண்டால், ‘இது நமக்கு ஆகாத வேலை’ என்று எண்ணி வணங்கிவிட்டுப் போவான். மூன்று மண்ணுருவங்களையும் சேர்த்துக் கண்டால், ‘நம்மைப் போன்றவர்கள் இப்படித் தொடங்கி, இப்படித் திருத்தி, இங்கே வந்து சேர்ந்தார்கள்’ என்று அறிவான். அவ்வறிவு பெற்றவன் அடுத்த நாளே குளக்கரைக்குப் போய் ஒரு பிடி மண் எடுப்பான். அதுவே நம் சங்கத்துக்கு வேண்டிய பயன்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.